சரீரத்தைத் தேடிய சந்திரலேகா

திருநீர்மலைக்குச் சேவிக்கச் செல்வோர், அடிவாரத்தில் நின்ற திருக்கோலத்தில் நீர்வண்ணப் பெருமாளையும், மலைமேல் வீற்றிருக்கும் நரசிம்மரையும், சயனித்திருக்கும் அரங்கநாதரையும், உலகளந்த திரிவிக்கிரமரையும் ஒரே தலத்தில் தரிசிக்கிறார்கள். நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் ஆகிய நான்கும் மனித சரீரத்துக்கும் உரியவையே. ஆயினும் பரதநாட்டிய மேடையில் நர்த்தகி தரையில் கிடந்தபடி ஆடுவதைக் கண்டவர் அரியர். அவ்வாறும் ஆடலாம் என்று துணிந்து காட்டியவர், சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் வாழ்ந்த சந்திரலேகா.

1928-ல் மகாராஷ்டிரத்தில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சீபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற அவருடைய அரங்கேற்றம், 1952-ல் ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. 'மதுரா நகரிலோ' என்ற உருப்படிக்கு யமுனையின் ஜலக்கிரீடையை அபிநயித்து, பெருகியோடும் நீரைக் கைகளால் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கணத்திலேயே, பத்திரிகைப் படங்களில் கண்ட வெடித்த நிலமும் தண்ணீருக்காகக் காத்து நிற்கும் ஜனங்களும் கண்முன் எழ, கலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான பிளவு தம்மை உலுக்கியதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

நெடுங்காலம் மேடையைத் துறந்து, எழுத்திலும் சுவரொட்டிக் கலையிலும் பெண்கள் இயக்கத்திலும் ஈடுபட்டிருந்தவரை, 1984-ல் பம்பாயில் மாக்ஸ் முல்லர் பவன் முயற்சியில் கூடிய கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு மீண்டும் அழைத்து வந்தது. மறு ஆண்டே 'அங்கிகா' பிறந்தது. பரதம், களரிப்பயட்டு, யோகம் மூன்றும் அதில் ஒரே மேடையில் நின்றன.

பரதத்தின் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர்ந்து, உடல் தன் மையத்தில் அமைதியாக ஊன்றுகிறது. களரியின் யானை வடிவிலோ அதே உடல் தாழ்ந்திருந்தாலும், பாதங்களை இணையாகப் பதித்து, எதிரியின்மேல் வைத்த கண்ணை வாங்காமல், எக்கணமும் பாயக் காத்திருக்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காணும் ரசிகனுக்கு, பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்ட அரைமண்டிக்குள்ளும் எத்தனை சக்தி ஒடுங்கியிருக்கிறது என்பது புலப்படும். இதற்குக் கதம்பம் என்று பெயரிடுவது அநியாயம். ஒரு கலையை முற்றக் கற்றவர் மற்றக் கலைகளிடம் போய்க் கேட்ட கேள்வி இது.

பாஸ்கராசாரியரின் கணித நூலை 1989-ல் 'லீலாவதி' என்று நடனமாக்கியதும், குந்தேசா சகோதரர்களின் துருபத் இசைக்குக் களரி வீரர் ஒருவரும் பெண் ஒருத்தியும் மிக மிக மெதுவாக அசையும் 'சரீரா'வை 2001-ல் படைத்ததும் அந்தத் தேடலின் தொடர்ச்சியே. பக்தியையும் ஆபரணத்தையும் விலக்கியது சம்பிரதாயத் துரோகம் என்று கண்டித்தவர்கள் உண்டு. ஆனால் உடலை இவ்வளவு சிரத்தையோடு உபாசித்தவரைத் துரோகி என்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. 2006 டிசம்பர் 30-ல் அவர் காலமானார்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் குழந்தைகளை நாட்டிய வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அரங்கேற்றம் முடிந்ததும் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், சிலம்பமோ களரியோ யோகமோ, இன்னொரு ஆசானிடம் இன்னொரு பயிற்சியையும் பெற அவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுங்கள்.