கிலோமீட்டரில் வராத தேய்மானம்

துறைமுக வரிசை நீளும் இரவுகளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சாலையோரம் முழுக்க கன்டெய்னர் லாரிகள். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் நிற்கும் வண்டி பத்தடி போனால் பின்னால் இருப்பவரும் பத்தடி போக வேண்டும். இல்லையென்றால் இடையில் வேறு வண்டி நுழைந்துவிடும். அதனால் பல டிரைவர்கள் இன்ஜினை அணைப்பதே இல்லை. ஐடிலிங்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

டேஷ்போர்டில் கிலோமீட்டர் ஏறாது. ஆனால் இன்ஜினுக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால், ஒரு மணி நேரத்தில் கிராங்க் 36,000 முறை சுற்றுகிறது. கேம் ஷாஃப்ட் அதில் சரிபாதி, 18,000 முறை. ஆறு மணி நேரம் வரிசையில் நின்றால் ஒவ்வொரு வால்வும் 1,08,000 முறை திறந்து மூடியிருக்கும். 1,500 சுற்றில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரிக்கு இது ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓட்டம். ஆயிலை கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிறவருக்கு இந்த 120 கணக்கிலேயே வராது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கேம் ஷாஃப்டில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதியை மெக்கானிக்குகள் ‘லோப்’ என்பார்கள். அதன் மூக்குதான் டேப்பெட்டைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. இன்ஜின் வேகமாக ஓடும்போது, மேலே எறியப்பட்ட பாகங்களின் உந்தமே வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது அந்தச் சலுகை இல்லை. ஸ்பிரிங்கின் முழு பலமும் மூக்கின் மேல் விழும். ஆயில் படலமும் அப்போதுதான் மெலிந்திருக்கும். ‘சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன தேய்மானம்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தேய்மானம் முதலில் சத்தமாகத்தான் வெளியே தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை வால்வு கவர் மேல் ஒவ்வொரு சிலிண்டராக ஊன்றிக் கேட்பார். அவர் கவனிப்பது சத்தத்தின் தாளத்தை. ஒரே ஒரு வால்வு தட்டினால் 600 சுற்றில் வினாடிக்கு ஐந்து ‘டிக்’. விரலால் தாளம் போட்டே பிடித்துவிடலாம். கிராங்க் பேரிங் அடி வாங்கியிருந்தால் சத்தம் கனமாக, கீழிருந்து, கிராங்கின் வேகத்துக்கே வரும். மேலே கேட்கும் டிக் டிக்கையும் கீழே கேட்கும் டம் டம்மையும் குழப்பிக்கொண்டால் பில் பல மடங்காகிவிடும்.

சத்தம் கேட்டவுடன் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வதுதான் வழக்கம். இங்கேதான் பல பட்டறைகள் ஏமாறுகின்றன. ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்ப்பது லோபின் உருண்டையான அடிப்பகுதியில். தேய்வதோ மூக்கு. இடைவெளி கச்சிதமாக இருக்கும், சத்தமும் இருக்கும், வண்டி இழுக்கவும் இழுக்காது. வால்வின் மேல் டயல் கேஜ் வைத்து, கிராங்கைக் கையால் சுற்றி, வால்வு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மற்ற சிலிண்டர்கள் எல்லாம் ஓரளவு பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் குற்றவாளி அதுதான். இன்டேக் லோப் தேய்ந்தால் காற்று போதாமல் டீசல் வண்டி கரும்புகை கக்கும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்தால் எரிந்த புகை வெளியேற வழியில்லாமல், பெட்ரோல் வண்டியில் இன்டேக் பக்கமே திரும்பி ‘பட்’டென்று வெடிக்கும். இறக்கிய ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். மை போன்ற சாம்பல் நிறப் பொடி இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் சிம்பு இருந்தால் ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும்.

இந்தச் சத்தத்தோடு அதிகம் பழகிய ஊர் திருவொற்றியூர். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்த பிறகு புல்லட்டுக்குச் சொந்த ஊராகிவிட்டது இது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் டேப்பெட் பார்க்க ஃபீலர் கேஜே வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகு, வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில், வலப்பக்கச் சின்ன கவரின் ஒற்றை நட்டைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 ஆயில். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயிலை ‘காஸ்ட்லி ஆயிலாச்சே’ என்று இதில் ஊற்றுவது தவறு. கேடலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற அவற்றில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்திருப்பார்கள். ரோலர் இல்லாத தட்டை டேப்பெட்டுக்கு உயிர்க்கவசமே அந்தச் சேர்மம்தான்.

2008-09க்குப் பிறகு ராயல் என்ஃபீல்ட் வண்டிகளில் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பெட். திருகிச் சரிசெய்ய எதுவுமில்லை. சத்தம் வந்தால் முதலில் ஆயில் அளவு, தரம், அழுத்தம் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்றைய கார்களிலோ கேள்வி டைமிங் செயினுக்கு மாறிவிட்டது. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி ‘லடலட’ என்று கேட்டு அடங்கினால், டென்ஷனருக்கு ஆயில் ஏற எடுத்துக்கொண்ட நேரம் அது. சூடான பிறகும் அடங்காவிட்டால் செயின் நீண்டிருக்கலாம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கரி கலந்த ஆயிலில் ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகிறது. அப்போது கேம் பின்தங்கும். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போகாமல் பி0016 என்ற கோடு விழும். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினால், அதே கோடோடு வண்டி திரும்பி வரும்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்குக் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது. கடலில் ஓடிய மணி நேரமும் குடித்த டீசலும்தான் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்க, அந்த இடைவெளியில்தான் இன்ஜின் வேலைகளை முடித்துக்கொள்கிறார்கள். நடுக்கடலில் டேப்பெட் சத்தம் கேட்டால் இறங்கித் தள்ள முடியாது. அந்தப் பயமே அவர்களுக்கு மணிக்கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

லாரிக்கும் அந்தக் கணக்கு இருக்கிறது. எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள இன்றைய பல லாரிகள், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை மணி நேரம் ஐடிலிங் என்று தனித்தனியாகப் பதிந்து வைக்கின்றன. பட்டறையில் ஸ்கேனரை மாட்டியதும் எல்லோரும் தேடுவது ஃபால்ட் கோடை. அதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்து, ஆயில் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால், அடுத்த முறை அந்த டிக் டிக் கேட்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கும்.