மொட்டையா நிக்குதா வாதுமை மரம்? வெட்டுறதுக்கு முன்னாடி நகத்தால் கீறிப் பாருங்க!

பொங்கல் முடிந்த கையோடு கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரில் போனால், சில வீட்டு வாசல்களில் ஒரு மரம் மட்டும் செக்கச்செவேல் என்று நிற்கும். சில வாரங்களில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிடும். ‘மரம் பட்டுப்போச்சு, வெட்டிடலாம்’ என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். ஆனால், அது பட்டுப்போகவில்லை. ஓய்வெடுக்கிறது.

அதுதான் நாட்டு வாதுமை. செங்கல்பட்டு பக்கம் பாதாம் மரம் என்றால் பலருக்கும் புரியும்.

எப்படி அடையாளம் காண்பது?

கிளைகள்: குடையைக் குடைமேல் அடுக்கியதுபோல, அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் விரியும்.

இலை: ஏறக்குறைய ஒரு சாண் நீளம். காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். கிளை நுனியில் கொத்தாக இருக்கும். தேக்கு இலையும் பெரிதுதான், ஆனால் தொட்டால் சொரசொரக்கும்.

காய்: இரு பக்கமும் விளிம்பு கட்டிய தட்டையான காய். தோல் தக்கைபோல லேசாக இருப்பதால் கடலில் மிதந்துபோய் வேறு கரையிலும் முளைக்கும்.

கடையில் விற்கும் பாதாமா?

இல்லை. அது ரோஜா குடும்பத்து மரம். நாட்டு வாதுமைக்குச் சொந்தக்காரர்கள் மருத மரமும் கடுக்காய் மரமும். ஆனால், இதன் கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்பையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

இலை ஏன் கொட்டுகிறது?

இலை வழியாகத்தான் மரம் அதிக நீரை இழக்கிறது. மழை நின்று மண் காயும்போது, இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. அப்போது பச்சையம் சிதைந்து சிவப்பு தெரிகிறது. பிறகு புதுத் தளிர் வந்து, கத்திரி வெயிலுக்குள் நிழல் தயாராகிவிடும்.

ஊருக்கு என்ன லாபம்?

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். புயல் இல்லாத நாளிலும் இங்கே உப்புக் காற்று ஓயாது. அதையும் மணலையும் தாங்கிக்கொண்டு அகலமாக நிழல் தருகிற மரங்கள் அதிகம் இல்லை. பழம் வௌவாலுக்கு, சருகு செடிகளுக்கு மூடாக்கு.

குறையே இல்லையா?

இருக்கிறது. வேர் நடைபாதையைத் தூக்கும், பழம் விழுந்து தரையில் கறை படியும். அதனால் சுவரை ஒட்டி நட வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசாமல் மண்ணாகவே விடுங்கள்.

வெட்டும் முன்...

சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்திருந்தால் இன்னும் நாலைந்து கிளைகளில் பாருங்கள். அப்போதும் சந்தேகமா? கோடைத் தளிர் வரும்வரை பொறுங்கள். தெருவோர மரமாக இருந்தால் நாமே கோடரியைத் தூக்கக் கூடாது. பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.