நான் படித்த சில விஞ்ஞானக் கதைகள்

விஞ்ஞானக் கதை என்றாலே வெள்ளைக்காரர்கள் ராக்கெட்டில் ஏறிச் சந்திரனுக்குப் போகும் கதை என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவின் அலமாரியில் கிடைத்த ஒரு நூல் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ஷூல் வெர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ என்பது அது. (தாத்தா முன்னால் ‘ஜூல்ஸ் வெர்ன்’ என்று சொல்லிவிட்டால் திருத்தாமல் விடமாட்டார்!)

இந்நாவல் 1869-70 ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. இருபதாயிரம் லீக் என்பது கடலின் ஆழம் என்று நினைத்தேன். அப்படியன்று, கப்பல் நீருக்கடியில் சென்ற தூரம் அது. ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர், அதாவது பூமியை இருமுறை சுற்றும் தூரம். நாட்டிலஸ் என்னும் அக்கப்பல் மின்சாரத்தால் ஓடுகிறது. வீடுகளில் மின்விளக்கே எரியாத காலத்தில் எழுதியது என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது.

ஆனால் என் மனத்தைத் தொட்டது இயந்திரமன்று, நம் மன்னார் வளைகுடாவில் நடக்கும் ஒரு காட்சி. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்க வருகிறது. மனிதர்களையே வெறுத்து ஒதுங்கி வாழும் கப்பல் தலைவர் நீமோ, கையில் கத்தியோடு பாய்ந்து அதனுடன் போராடுகிறார். பிழைத்தவனுக்கு ஒரு பை நிறைய முத்தும் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன் இவன், நானும் அந்நாட்டவனே என்பதுபோல் காரணம் கூறுகிறார்.

அது எந்த நாடு? விடை ‘மர்மத் தீவு’ (1874-75) என்ற நாவலில் இருக்கிறது. நீமோ இந்தியர்! புந்தேல்கண்டு அரசகுமாரர் டக்கார். 1857 புரட்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர். அவரைப் போலந்து நாட்டவராக்கவே வெர்ன் முதலில் எண்ணினாராம். பதிப்பாளர் ஹெட்சல் இசையவில்லை. 1954-இல் வந்த வால்ட் டிஸ்னி படத்தில் நீமோவாக நடித்தவரோ ஓர் ஆங்கிலேயர்! தாத்தாவுக்கு இன்றும் அதில் கோபம்தான்.

வெர்ன் மீது எனக்கும் ஒரு கோபம் உண்டு. நாட்டிலஸில் ஒரு பெண்கூட இல்லை. ‘எண்பது நாளில் உலகப் பயணம்’ நாவலில் அவுதா என்ற இந்தியப் பெண் வருகிறாள். உடன்கட்டையிலிருந்து காப்பாற்றப்பட்ட பின் அவளுக்குப் பெரிதாக ஒரு வேலையும் இல்லை. கூடவே பயணம் செய்கிறாள்.

நம் தமிழிலோ, எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 2020-களின் தொடக்கத்தில் ஜீவா என்ற சர்வாதிகாரி இந்தியாவை ஆளும் கதை. காணாமற்போன கணவனைத் தேடும் நிலாதான் கதாநாயகி. அவளுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. அது பேசும் பேச்சில் வாய்விட்டுச் சிரித்தேன். கதை நடக்கும் ஆண்டுகள் கடந்துவிட்டன; ஜீனோதான் இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் யோசனை எல்லாம் நாய்க்கு, அழுகையெல்லாம் நிலாவுக்கு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே ஒரு நோட்டில் நானே ஒரு கதை தொடங்கியிருக்கிறேன். வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி நீர்மூழ்கிக் கப்பல் செய்கிறாள். மூன்று பக்கம் ஆகியும் அது கடலில் இறங்கவில்லை. வெர்னின் கப்பல் காற்றுக்காக மேலே வந்து போகும். இவள் மேலே வராமல் மூச்சுக்கு என்ன செய்வாள் என்று விஞ்ஞான டீச்சரைக் கேட்க வேண்டும்.