துரையும் வாரியமும்

ஈப்போவில் எஸ்.பி. சீனிவாசகம் சாலையின் முதல் இலக்கத்தில் நிற்கிறது விஸ்மா தைக்கோ. கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்தின் தலைமையகம் அது. 1906இல் பிரிட்டனில் ரப்பர் நிறுவனமாகப் பிறந்து, 1973இல் மலேசிய நிறுவனமாக மறுபதிவு பெற்றது. இன்று செம்பனையே அதன் முதன்மைப் பயிர். ஆள்பவர் யார், ஆள்பவரைக் கண்காணிப்பவர் யார் என்னும் வினாவைத் தோட்டத்து வழியே ஆராயப் பேராக்கை விட்டு வெளியே போகவேண்டியதில்லை.

வெள்ளையர் காலத்தில் இயக்குநர் வாரியம் லண்டனில் கூடியது. மரம் இங்கே நின்றது. பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் ஆள் எண்ணுவது கிராணி, வேலை பிரிப்பது கங்காணி, எல்லார்க்கும் மேலே தோட்ட நிர்வாகியான பெரிய துரை. வாரியத்தார் அறிந்ததெல்லாம் துரை எழுதி அனுப்பியவையே. இதிலுள்ள இடர் பட்டையில் விளங்கும். பால்மரத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் மிக மெல்லிய பட்டையே கழியவேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும்; தடிமனாகச் சீவினால் பட்டை விரைவில் தீரும்; அடிக்கடி வெட்டினால் இவ்வாண்டின் விளைச்சல் உயரும். ஏட்டில் மிகுதியாகத் தெரியும் அந்தப் பால், வரும் ஆண்டுகளின் பட்டையிலிருந்து எடுத்த கடன். இழந்த பட்டை மீண்டும் வெட்டுக்கு ஆகப் பல ஆண்டுகள் வேண்டும். அதற்குள் துரை ஊர் திரும்பியிருப்பார்!

இதற்காகவே 'விசிட்டிங் ஏஜெண்ட்' என்றொருவரை அமர்த்தினார்கள். அத்தோட்டத்துத் துரைக்குக் கட்டுப்படாத, அனுபவம் மிக்க தோட்டக்காரர் அவர். காட்டில் நடந்து, வெட்டுப்பட்டையைத் தடவிப் பார்த்து, கணக்கேட்டைப் புரட்டி அறிக்கை எழுதுவார். தலைமை நிர்வாகியின் கண்ணைக் கொண்டே பார்க்கும் வாரியம் கண்காணிப்பு வாரியமாகாது என்பதைத் தோட்டத்துறை பட்டறிவாலேயே உணர்ந்திருந்தது. ஆனால் விசிட்டிங் ஏஜெண்டின் கண் முதலீட்டையே பார்த்தது. தொழிலாளரின் லயத்து வாழ்வு அதன் ஓரத்திலேதான் பட்டது.

பங்குதாரர் பலராகச் சிதறிக்கிடக்க, ஆட்சி நிர்வாகியின் கையில் திரள்வதை அமெரிக்க அறிஞர்கள் பெர்ல், மீன்ஸ் இருவரும் 1932இல் நூலாக்கினர். 1976இல் ஜென்சன், மெக்லிங் ஆகியோர் அதைப் பொருளியல் கோட்பாடாக வளர்த்தனர். பிரிட்டனில் 1992இன் காட்பரி அறிக்கை, வாரியத் தலைவர் பதவியையும் தலைமை நிர்வாகி பதவியையும் ஒருவரிடமே குவிக்கலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தியது. மலேசியாவின் நிறுவன ஆளுகை நெறித்தொகுப்பு 2000இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு வாரியத்துடையது, அல்லது அதன் பணிப்பின்கீழ் நடப்பது என்பதே 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் நிலை. எனவே அன்றாட ஆட்சியை நிர்வாகியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

கெப்போங் நிறுவனத்தில் லீ ஒய் ஹியான் 1993 முதல் 2008 வரை இரு பதவிகளையும் வகித்தார். 2008இல் தலைவர் பதவியைத் துறந்து தலைமை நிர்வாகியாகத் தொடர்ந்தார். இடையே 1996இல் கிராப்ட்ரீ அண்ட் ஈவ்லின் என்னும் சோப்பு, நறுமணப்பொருள் நிறுவனத்தை வாங்கியிருந்தது தோட்ட நிறுவனம். அதன் அமெரிக்கக் கிளை 2009இல் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2012இல் நிறுவனமே கைமாறியது. இத்தகைய முதலீட்டை எப்போது நிறுத்துவது? வாங்கியவர்களுக்கு அதைக் கைவிட எளிதில் மனம் வராது என்பது மனித இயல்பு. வாரியத்தின் உண்மையான வேலை அங்கேதான் என்பது என் கருத்து. ஆண்டறிக்கைக்குக் கையெழுத்திடுவது அன்று.

ஆயினும் மேலைக் கோட்பாடு இங்கே முழுதும் பொருந்தாது. நம் நாட்டில் பங்குகள் பெரும்பாலும் சிதறியிருப்பதில்லை. ஒரு குடும்பமோ அரசு நிதியமோ பெரும்பங்கை வைத்திருக்கும். அப்போது அஞ்சவேண்டியது நிர்வாகியை மட்டுமன்று. சிறுபங்குதாரரைப் பெரும்பங்குதாரர் விழுங்குவதையும்தான். சார்பற்ற இயக்குநர் ஒன்பதாண்டைத் தாண்டித் தொடர வேண்டுமானால் இரட்டை வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது நெறித்தொகுப்பு. முதல் அடுக்கில் பெரும்பங்குதாரர் வாக்களிப்பார். இரண்டாம் அடுக்கில் மற்றவர்கள். இரண்டிலும் வென்றாலே நீட்டிப்பு.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறொரு பாதை. துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலை இழந்த தொழிலாளர், மாதந்தோறும் பத்து வெள்ளி சேர்த்துத் தாமே தோட்டம் வாங்கினர். கூட்டுறவில் பங்கு எத்தனையாயினும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. பெரும்பங்குதாரர் இல்லை, அந்த அச்சம் தீர்ந்தது. ஆனால் பழைய சிக்கல் வேறு வாசல் வழியே நுழையும்: தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த உறுப்பினரின் பிள்ளைகளுக்குப் பொதுக்கூட்ட அழைப்பு எந்த முகவரிக்குப் போகிறது, கணக்கறிக்கையை யார் பிரித்துப் படிக்கிறார்?