சிதறிய சேகரங்களைப் பிணைத்தல்

ஒல்லாந்து தேசத்தில் 1899ஆம் ஆண்டு பிறந்து, சாந்திநிகேதனத்தில் தங்கி நம் நாட்டுச் சங்கீதத்தைப் பயின்று, பிற்காலத்தில் லண்டன் சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்த ஆர்னால்டு பேக், 1938ஆம் ஆண்டில் தென்னிந்தியாவில் சஞ்சாரம் செய்து கிராமியக் கலைகளைப் பதிவு செய்தபோது, ஒலிக்கு ஒரு யந்திரமும் காட்சிக்கு வேறொரு யந்திரமும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய காமிரா பிடித்தது ஊமைப்படம். நாடாவில் ஊசியால் தடம் கீறிய டெஃபி என்னும் ஜெர்மானியக் கருவிக்கோ ஒலியன்றி வேறொன்றும் தெரியாது.

அதற்கு முன்னர் அவர் மெழுகுருளைகளையே உபயோகித்தார். பெர்லின் நகரத்து ஃபோனோகிராம் காப்பகத்தில் அத்தகைய உருளைகளுக்குச் செம்புப் பூச்சேற்றி அச்செடுப்பார்கள். அச்சு உருவாகும் அந்தக் கிரியையில் மூலமெழுகு அழிந்துவிடும். அச்சிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் வார்க்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அச்சு ஒரு நகரத்திலும் பிரதி மற்றொரு நகரத்திலும் தங்குவதற்கு வழி பிறந்ததும் அங்கேதான். பேக்கின் பதிவுகளில் பெரும்பகுதி இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் குவித்துவிட்டால் போதுமென்று சொல்வாருண்டு. எனக்கு அது சம்மதமில்லை. தேதி, ஊர், பாடினவர் பெயர், பதிவெண் என்னும் நான்கும் எல்லா அட்டவணைகளிலும் ஒத்திருக்குமானால், சேகரங்கள் கடல் கடந்து கிடந்தாலும் சம்பந்தம் அறுந்துபோகாது. ஒன்றில் டாஞ்சோர் என்றும் இன்னொன்றில் தஞ்சாவூர் என்றும் இருந்தால், அடுத்தடுத்த அலமாரிகளில் இருந்தும் அவை அந்நியமே. ஆதலால் ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டை ஒலித்தட்டைவிடக் குறைந்த பொருளாக மதிப்பது பெரும் பேதைமை.

பேக்கின் மாணாக்கரான நசீர் ஜைரஸ்பாய், தம் துணைவியார் ஏமி கேட்லினுடன் 1984ஆம் ஆண்டில் அப்பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய பிரதேசங்களுக்குச் சென்று, அந்தக் கலைகள் நிலைத்தனவா, மாறினவா என்று விசாரித்தார். 1982இல் தோன்றி இப்பொழுது குர்காவ்னில் இயங்கிவரும் இசையியல் ஆவணக் காப்பகமும், அயல்நாட்டு அறிஞர் கொண்டுசென்ற ஒலிப்பதிவுகளின் பிரதிகளை நம் நாட்டுக்கு மீட்டுக் கொணர்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டதே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய சேகரத்தைத் தொடர்ந்து போன அந்தப் பிரயாணமே புதியதொரு சேகரத்தை ஈன்றுவிட்டது! 1984ஆம் ஆண்டின் ஒளிநாடாக்களுக்கு உரிய இடம் 1938ஆம் ஆண்டுப் பதிவுகளின் பக்கமேயாதலால், அவற்றின் எண்ணை இவற்றின் அட்டவணையிலும் இவற்றின் எண்ணை அவற்றின் அட்டவணையிலும் ஒருவர் உட்கார்ந்து எழுதியாகவேண்டும்.