வைஃபை அடாப்டரை மாத்துறதுக்கு முன்னாடி

விருத்தாசலம் தொழிற்பேட்டைப் பக்கம் பீங்கான் யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "லேப்டாப்ல வைஃபை நிக்கவே மாட்டேங்குது. அடாப்டர் போயிடுச்சு, மாத்தணும்ங்கறாங்க. மாத்திடட்டுமா?" அவருக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் போடாமல் லாரி கிளம்ப முடியாது. லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போது நெட் விழுந்தால், காத்திருக்கும் காசு அவர் கையிலிருந்துதான் போகும்.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். அடாப்டர் உண்மையிலேயே கெட்டுப்போவது உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒழிக்க வேண்டிய சந்தேகங்கள் நிறைய.

வைஃபை தன் தவறை மறைக்கும்

முதலில் ஒரு அடிப்படை. வைஃபையில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் எதிர்முனை "வந்துடுச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அடாப்டர் அதையே திரும்ப அனுப்பும். பல தடவை தோற்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு முயற்சி செய்யும். அதனால் இரைச்சல் அதிகமான இடத்தில் "பிழை" என்று எதுவும் திரையில் வராது. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். மூலையில் தெரிகிற கோடுகள் காட்டுவது சிக்னலின் பலத்தை. கூடவே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதை அவை காட்டாது. கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் வரலைங்கிற புகாருக்குப் பாதி விளக்கம் இதிலேயே இருக்கு.

முதல் சோதனை: யார் மேல தப்பு?

ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) ஒரு சன்னலிலும், 8.8.8.8-க்கு இன்னொரு சன்னலிலும் தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். பத்து நிமிஷம் போதும்.

ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் அறுந்தால் உங்கள் வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியே வரும் லைனைப் பாருங்கள். ரவுட்டரே பதில் சொல்லாமல் விட்டால் சிக்கல் வீட்டுக்குள். அப்போது அதே மேசையில் போனை வைத்துப் பாருங்கள். போனும் திணறினால் ரவுட்டர் அல்லது சுற்றியுள்ள இரைச்சல். போன் சரி, லேப்டாப் மட்டும் திணறுகிறது என்றால்தான் அடாப்டர் பக்கம் வரவேண்டும்.

பதில் வரும் நேரத்தையும் கவனியுங்கள். பக்கத்தில் இருக்கிற ரவுட்டர் சில மில்லி செகண்டில் பதில் சொல்ல வேண்டும். அடிக்கடி 100 மில்லி செகண்டை ஒட்டி எகிறினால், மின்சேமிப்பைச் சந்தேகப்படலாம். ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லி செகண்டுக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கேன்" என்று அறிவிப்பு விடும். தூங்கும் அடாப்டர் அந்த அறிவிப்புக்குத்தான் கண் விழிக்கும். அதுவரை வந்த பொட்டலம் ரவுட்டரில் காத்திருக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய், அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் "மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம்" என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் பிளானில் வயர்லெஸ் அமைப்பையும் அதிகபட்சத் திறனுக்கு மாற்றுங்கள். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்றால் சேமிப்பு இயங்குகிறது. 2 என்று மாற்றினால் நின்றுவிடும்.

எண்ணைப் பாருங்க, கோட்டைப் பாக்காதீங்க

சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. −50 நல்ல பலம், −67 வரை வேலைக்கு ஆகும், −80 என்றால் தள்ளாட்டம். இது மடக்கை அளவு: 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்கு.

ரவுட்டருக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்தும் −75 காட்டினால் ஆன்டெனா கம்பியைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி அட்டையில் மாட்டும். மூடித் திறந்து மூடித் திறந்து கம்பி நைந்துபோகலாம். ஃபேன் சுத்தம் செய்யக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது சரியாக அழுத்தாமலும் விட்டிருக்கலாம். களிமண்ணும் குவார்ட்ஸ் பொடியும் பறக்கும் நம்ம ஊரில் ஃபேன் சுத்தம் செய்வது அடிக்கடி நடக்கிற வேலைதானே.

நண்பருக்கு இருந்தது எது?

அவரிடம் எண் −48. மின்சேமிப்பை நிறுத்தியும் பலன் இல்லை. விண்டோஸ் 10-லிருந்து இருக்கும் வயர்லெஸ் நெட்வொர்க் ரிப்போர்ட் வசதி, கடந்த மூன்று நாட்களில் எப்போது எப்போது இணைப்பு அறுந்தது என்று நேரத்தோடு காட்டும். அதை எடுத்துப் பார்த்தால் எல்லா அறுபடலும் மாலை ஐந்தரைக்கு மேல். மாலையில் என்ன செய்வீங்கன்னு கேட்டேன். "கணக்கை ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுப்பேன், அப்பதானே லோடும் கிளம்பும்" என்றார்.

அங்கேதான் விஷயம். யூஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கவசம் சரியில்லாத கேபிளும் இணைப்பானும் அதை வெளியே கசிய விடுகின்றன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் பிங் சீராகிறது, மாட்டினால் அறுகிறது. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம். இணைப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத பழைய அட்டை என்றால், டிஸ்க்கை யூஎஸ்பி 2 துளையில் மாட்டலாம், அல்லது நல்ல கேபிள் போட்டுத் தள்ளி வைக்கலாம்.

இன்னும் இரண்டு

போனில் தெரியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லையா? இந்தியாவில் 2.4 பட்டை 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றித் திறந்திருப்பதால் 13 சேனல்களும் கிடைக்கும். அமெரிக்க அமைப்போடு வந்த அட்டைகள் பெரும்பாலும் 11-க்கு மேல் பார்க்காது. ரவுட்டரைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

லினக்ஸில் அடாப்டரே கண்ணில் படவில்லை என்றால் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கலாம். டெபியன் 12 (2023) வருவதற்கு முன் அதன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டுகளில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. கோப்பைத் தனியாகப் போட்டாலே பல அட்டைகள் உயிர் பெறும்.

இத்தனைக்கும் பிறகு, வேறொரு ரவுட்டரிலும், பென் டிரைவிலிருந்து ஓடவிட்ட லைவ் லினக்ஸிலும் அதே அறுபடல் இருந்தால் அடாப்டரை மாற்றலாம். அப்போதும் முதலில் யாரிடமாவது ஒரு யூஎஸ்பி டாங்கிளை இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அதுவும் அறுந்தால் புது அட்டைக்குக் காசு போடாதீங்க.