பாதையில் விழுந்த மரம்: புயல் காலத்து ரம்பமும் அதைக் கையாளும் அறிவும்

வங்கக் கடலில் உருவாகி வடதமிழகக் கரையை நோக்கி வரும் புயல்களில் பலவற்றுக்குப் புதுச்சேரியே வாசலாக அமைந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 காலையில், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், அவ்வட்டாரத்தின் பலா, முந்திரி, தென்னைத் தோப்புகளையும் சாலையோர நிழல்மரங்களையும் வேரோடு சாய்த்தது. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயலும் இதே கரையில் ஏறின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கும், மயிலத்தில் 50 செ.மீ.யைத் தாண்டியும் மழை கொட்டியது. இத்தகைய மழையில் மண் நீர் கோத்து இளகிவிடுவதால், காற்று தணிந்த பின்னரும் மரங்கள் சாய்வது உண்டு. புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் அமைந்த சேதராப்பட்டு இந்த மழைப்பரப்பின் நடுவே இருக்கும் ஊர். தொழிற்பேட்டையும் வயல்களும் செம்மண் பாதைகளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் ஊர்.

பிரெஞ்சு ஆட்சிக்கால உடன்படிக்கைகளின் விளைவாகப் புதுச்சேரியின் நிலப்பரப்பு தமிழக எல்லைக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த சேதராப்பட்டில் தொடங்கும் ஒரு பாதை சிறிது தொலைவிலேயே விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பெருஞ்சாலையில் விழும் மரத்தை அகற்ற இரு அரசுகளின் பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் தீயணைப்புத் துறையும் உள்ளன. பேரிடர் பெரிதானால் அரக்கோணத்தில் நிலைகொண்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்து சேரும். ஆனால் ஏரிக்கரைகளிலும், சவுக்கு, முந்திரித் தோப்புகளுக்கு ஊடே செல்லும் வண்டிப் பாதைகளிலும் விழுந்த மரத்தின் முறை கடைசியாகவே வருகிறது. பால் வண்டியும் டிராக்டரும் பிரசவத்துக்குச் செல்லும் ஆட்டோவும் அப்பாதைகளையே நம்பியிருப்பதால், அவற்றைத் திறக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஊராரின் கைகளிலேயே விழுகிறது. அக்கைகளில் இன்று இருப்பது கோடாலி மட்டுமன்று. மக்கள் ‘மரம் அறுக்கும் மிஷின்’ என்று சொல்லும் சங்கிலி ரம்பமும் இருக்கிறது. அதைச் சரியாகத் தேர்வதும், அதைவிட முதன்மையாக, விழுந்த மரத்தைச் சரியாகப் படிப்பதும் உயிர் காக்கும் அறிவாகும்.

கருவி வந்த வழி

சங்கிலி ரம்பம் என்பது, ஓரங்களில் கூரிய பற்கள் பொருத்திய சங்கிலியொன்றை நீண்ட தகட்டைச் சுற்றி விசையால் ஓடவிட்டு மரத்தை அறுக்கும் கருவி. பணியாளர் அத்தகட்டைப் ‘பார்’ என்பர். ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப், துரிஞ்சியாவின் டோல்மார் மலையில் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை இயக்கிக் காட்டினார். அவை இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கனத்த கருவிகள். ஒருவரே கையாளும் ரம்பம் 1950 வாக்கில் பரவலாயிற்று. இதற்கிடையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடைகள் இருபுறமும் மாறி மாறிச் சீவுவதைக் கவனித்து, அதே முறையில் சீவும் பற்களைக் கொண்ட சங்கிலியை 1947இல் உருவாக்கினார். இன்று சேதராப்பட்டுச் சவுக்குத் தோப்பில் ஓடும் சங்கிலியும் அக்கருத்தின் வழி வந்ததே.

மரத்துக்கு ஏற்ற எந்திரம்

ரம்பத்தின் அளவை முடிவு செய்ய வேண்டியது வாங்குபவரின் ஆசையன்று, அவ்வூரில் விழும் மரங்களின் பருமனே. சவுக்கு கடினமான மரமாயினும் தண்டு ஒல்லியாக இருப்பதால், 35 முதல் 45 சிசி வரையிலான எஞ்சினும் 16 அங்குலப் பாரும் கொண்ட ரம்பம் அதற்குப் போதும். வேம்பு, பூவரசு, புளி ஆகியவை பருத்த மரங்கள்; இவற்றுக்கு 50 சிசி அளவும் 18 அங்குலப் பாரும் பொருந்தும். பாரின் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய விட்டமுள்ள தண்டை இருபுறமிருந்தும் அறுத்து முடிக்கலாம் என்பதால், நீண்ட பாரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நீண்ட பார் எடையையும் நுனி தவறி மோதும் ஆபத்தையும் கூட்டுகிறது. ஒரு மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தால், அதைப் பெரிய கருவியும் கிரேனும் கொண்ட துறையினரிடம் விட்டு, பாதைக்கு இடையூறான கிளைகளை மட்டும் ஊரார் கழிப்பதே அறிவுடைமை.

பனையும் தென்னையும் தனி வகை. இவற்றின் தண்டில் வேம்பைப் போன்ற வளர்ச்சி வளையங்கள் இல்லை. வெளிப்புறத்தில் நெருங்கிய கடினமான நார்களும் உட்புறத்தில் மென்மையான சோறும் உள்ளன. அந்நார்கள் பற்களை விரைவில் மழுக்குவதோடு, சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தின் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கும். ஆகவே தென்னை அறுக்கும்போது அடிக்கடி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து துடைக்க வேண்டும். சேதராப்பட்டுக்குக் கிழக்கேயுள்ள ஆரோவில் காடுகளில் ‘வொர்க் ட்ரீ’ என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய வேல மரம், தரிசாகக் கிடந்த செம்மண் மேட்டைப் பசுமையாக்க விரைவாக வளர்ந்து உதவியது. ஆனால் காற்றில் எளிதாக முறியும் இயல்பால் தானே புயலில் பெருமளவில் விழுந்தது. இம்மரத்தின் முறிந்த கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று தொங்கி நிற்கும். அறுக்கத் தொடங்குமுன் தலைக்கு மேல் பார்ப்பது இங்கே முதல் விதி.

ஓசையும் புகையும் குறைந்த பேட்டரி ரம்பங்கள் இன்று கிடைக்கின்றன. கிளை கழிக்கவும் சிறு மரம் அறுக்கவும் அவை நல்லவை. எனினும் பெரும் புயலுக்குப் பின் மின்சாரம் பல நாள்கள் வராத வட்டாரத்தில், சார்ஜ் தீர்ந்த பேட்டரி பயனற்றுக் கிடக்கும் என்பதால், ஊர்ப் பொதுக்கருவியாகப் பெட்ரோல் ரம்பமே இன்னும் நம்பத்தக்கது.

அழுத்தமும் இழுவையும்

நிற்கும் மரத்தை வீழ்த்துவதைவிட விழுந்த மரத்தைத் துண்டுபோடுவது எளிது என்ற எண்ணம் பொதுவாக உண்டு; உண்மை நேர்மாறானது. விழுந்த மரம் தன் எடையால் வளைந்து, இழுத்துப் பிடித்த வில்லைப் போல விசையைத் தனக்குள் தேக்கி வைத்திருக்கிறது. வளைவின் உட்புறத்தில் நார்கள் நெருக்கப்பட்டிருக்கும். அது அழுத்தப் பக்கம். வெளிப்புறத்தில் நார்கள் இழுபட்டிருக்கும். அது இழுவைப் பக்கம். அழுத்தப் பக்கத்தில் ஆழமாக அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். இழுவைப் பக்கத்தை முதலிலேயே அறுத்தால் தண்டு நீளவாக்கில் பிளந்து ஆளைத் தாக்கும். எனவே அழுத்தப் பக்கத்தில் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முதல் வெட்டும், பின்னர் இழுவைப் பக்கத்திலிருந்து அதைச் சந்திக்கும் இரண்டாம் வெட்டும் இடுவதே முறை. பாதையின் இரு ஓரங்களிலும் தாங்கி, நடுவில் தொங்கும் தண்டுக்கு மேற்புறமே அழுத்தப் பக்கம். அதை மேலே தொடங்கிக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் தண்டுக்குக் கீழ்ப்புறமே அழுத்தப் பக்கம். அதைக் கீழே தொடங்கி மேலிருந்து முடிக்க வேண்டும். பக்கவாட்டில் வளைந்த மரத்தில் அறுப்பவர் நிற்க வேண்டியது வளைவின் உட்புறத்தில்தான். விடுபடும் தண்டு வெளிப்புறமாகவே வீசும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. மண்ணோடு எழுந்து நிற்கும் வேர்த்தட்டு, தண்டின் எடை நீங்கியதும் குழிக்குள் திரும்பி விழக்கூடும். அக்குழியில் எட்டிப் பார்க்கும் குழந்தையோ ஆடோ நசுங்கிவிடும். மரத்தைச் சுற்றி ஒருவரும் இல்லை என்பதை உறுதிசெய்யாமல் அடிப்பகுதியை அறுக்கவே கூடாது. மின்கம்பி சிக்கிய மரத்தைப் பொறுத்தவரை, மின்துறையினர் வந்து இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொல்லும்வரை அருகில் செல்வதே கூடாது. வெள்ளம் வடிந்த இடங்களில் கிளைகளுக்கடியில் பாம்புகள் ஒதுங்கியிருக்கும் என்பதால், நீண்ட கழியால் தட்டிய பின்னரே கை வைக்க வேண்டும்.

உடலைக் காத்தல்

பார் நுனியின் மேற்பாதி எதன்மேலாவது பட்டால், சுழலும் சங்கிலியின் வேகம் ரம்பத்தையே அறுப்பவரின் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். இதுவே பின்னுதை, ரம்ப விபத்துகளில் மிகக் கொடியது. முன்கைப்பிடிக்கு முன்னுள்ள சங்கிலி பிரேக், கை பட்டவுடனோ எறிவிசையாலோ சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்துகிறது. அது வேலை செய்யாத ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தள்ளத்தக்கது. இடது கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேல் ரம்பத்தை உயர்த்தக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. தனியாளாக வேலைக்குச் செல்லவே கூடாது.

லுங்கியை மடித்துக் கட்டி வெறுங்காலுடன் ரம்பம் பிடிக்கும் காட்சி நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது மாற வேண்டும். முகவலை கொண்ட தலைக்கவசம், காதுமூடி, இரும்பு முனைக் காலணி, கையுறை ஆகியவற்றோடு, சங்கிலி பட்டவுடன் நீண்ட இழைகள் வெளிவந்து பற்சக்கரத்தைச் சிக்கவைத்து நிறுத்தும் சிறப்புக் கால்சட்டையும் தேவை. ரம்பத்தின் ஓசை 100 டெசிபெல்லைத் தாண்டுவது. காதுமூடியின்றி ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர் செவித்திறனை இழப்பார். நீண்டகால அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து அவற்றை வெளிறி மரத்துப்போகச் செய்யும்.

கூர்மையும் பராமரிப்பும்

செம்மண் வட்டாரத்தில் ரம்பத்தின் முதல் எதிரி மண்ணே. சங்கிலி ஒருமுறை தரையைத் தொட்டால் போதும், பற்கள் மழுங்கிவிடும். சேறு படிந்த பட்டையை அரிவாளால் சீவிவிட்டே அறுக்க வேண்டும். வெட்டிலிருந்து சீவல்கள் உதிர்ந்தால் சங்கிலி கூராக உள்ளது என்றும், மாவுபோல் தூள் உதிர்ந்தால் அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றும் அறியலாம். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவர் களைப்படைகிறார்; களைத்த கையே பெரும்பாலும் தவறிழைக்கிறது. சங்கிலியின் அளவுக்கு உரிய உருண்டை அரத்தால், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே கோணத்தில் தேய்க்க வேண்டும்.

எரிபொருளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இவ்வெஞ்சின்கள் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுபவை. தயாரிப்பாளர் 50:1 என்று சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய். இன்று பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், கலந்த எரிபொருளை மாதக்கணக்கில் வைத்திருந்தால் கார்பரேட்டர் கெட்டுவிடும். மழைக்காலம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வைக்க வேண்டும். சங்கிலிக்கெனத் தனித் தொட்டியில் ஊற்றும் எண்ணெய்க்குப் பதிலாக வண்டிகளில் கழிந்த பழைய ஆயிலை ஊற்றுவது பம்ப்பையும் கெடுக்கும். சிதறி விழும் மண்ணையும் கெடுக்கும்.

ஊரின் கடமை

மரம் விழுந்துவிட்டது என்பதாலேயே அது விறகாகிவிடுவதில்லை. வேர் பாதி மண்ணில் இருக்கும் இளம் வேம்பையும் பூவரசையும், கிளைகளைக் கழித்து நிமிர்த்தி முட்டுக்கொடுத்தால் மீண்டும் தழைக்க வைக்கலாம். பாதைக்குத் தேவையான அகலம் மட்டும் அறுத்து, எஞ்சிய தண்டை உருளாதவாறு ஓரத்தில் விட்டால் அது மக்கி மண்ணுக்கு உரமாகும். சங்கிலி ரம்பங்கள் காடழிப்பில் பங்கு கொண்டதால் ஃபிலிப்பைன்ஸ் நாடு 2002இல் தனிச் சட்டமே இயற்றி அவற்றைப் பதிவு செய்ய வைத்தது. அதே கருவி புயல் நாளில் ஊரைக் காக்கும் கருவியாவது, அதைப் பிடிப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது.

ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தும் அதன் எல்லையோரத் தமிழகப் பஞ்சாயத்துகளும் இணைந்து, நடுத்தர அளவு ரம்பம் ஒன்றையும் இருவருக்கான காப்புடைகளையும் உதிரிச் சங்கிலிகளையும் வாங்கி வைத்து, தீயணைப்பு வீரர்களின் மேற்பார்வையில் ஊர் இளைஞர் சிலருக்கு முறையான பயிற்சி அளிக்க வேண்டும். சவுக்குத் தோப்புகளில் ஆண்டு முழுதும் மரம் அறுக்கும் தொழிலாளரின் பட்டறிவும் அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும். ஒரு சாலைப் பணியின் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் தொகை மிகச் சிறியது. புயலைத் தடுக்க எந்தப் பஞ்சாயத்தாலும் இயலாது; விழுந்த மரத்தை அறுக்கப்போய் ஒருவர் கால் இழப்பதைத் தடுக்க எல்லாப் பஞ்சாயத்துகளாலும் இயலும்.